பருவம் தப்பிய பயணம்

ஓர் ஊரை அழகிய ஊர் என்று முதலில் சொன்னவர் பெரும்பாலும் அவ்வூர்க்காரராக இருப்பதில்லை. வெளியிலிருந்து வந்தவரே அச்சொல்லைச் சொல்லியிருப்பார். வலை உலர்த்துகின்றவனுக்குக் கடற்கரை என்பது வலை உலர்த்தும் இடம். வந்தவனுக்கோ அது காட்சி. இருவரும் ஒரே மணலில் நின்று ஒரே நீரைப் பார்க்கின்றனர். எனினும் இருவர் கண்ணிலும் விழுவது ஒன்றன்று. இவ்வேறுபாடு பழையது, இதில் குற்றம் காண்பதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் பயணம் செய்வோரிடையே ஒரு புதிய பெருமிதம் தோன்றியுள்ளது. கூட்டம் மிகுந்த காலத்தில் போகின்றவர் வேடிக்கை பார்ப்பவர். கூட்டம் கலைந்து, விடுதிகள் கதவடைத்த பின்னர், மழையிலும் குளிரிலும் போகின்றவரே ஊரை உள்ளபடி காண்பவர் என்பது அப்பெருமிதம். பருவமல்லாப் பருவத்தில் போவது அறிவுக்கு மட்டுமன்றி அறத்துக்கும் உகந்தது என்றுகூடச் சிலர் வாதிடுவர். இவ்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஜொகூர் மாநிலத் தமிழருக்கோ இது ஏட்டளவிலான கேள்வி அன்று. ஏன் என்பது போகப் போகப் புலனாகும்.

இப்பெருமிதம் மிகுதியாகக் கேட்கப்படுவது ஐரோப்பாவில், சிறப்பாகப் பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர்களைப் பற்றிய பேச்சில். அந்நாட்டில் 1982-ஆம் ஆண்டில் ‘பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்’ என்ற பெயரில் ஒரு சங்கம் அமைந்தது. அதைத் தொடங்கியவர், கொலோஞ்ச் லா ரூஜ் என்னும் செங்கல் நிறக் கற்களாலான சிற்றூரின் தலைவர். இரண்டாயிரம் பேருக்கு மேற்படாத மக்கள்தொகையும், காக்கப்பட வேண்டிய பழம் கட்டடங்களும் உடைய ஊர்களே அதில் இடம்பெறும். கிராமப்புறத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்து, ஊர்கள் வெறுமையாகிக் கொண்டிருந்த காலத்தில், அழகைக் காட்டியேனும் ஊரைப் பிழைக்க வைக்கலாம் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு அது. கோடையில் அவ்வூர்களின் குறுகிய தெருக்களில் நடக்க இடமிராது. குளிர் வந்ததும் கடைகள் மூடப்படும். விடுமுறைக்கு மட்டுமே திறக்கப்படும் வீடுகளின் பலகணிக் கதவுகள் சாத்தப்படும். புகைபோக்கிகளில் சிலவற்றிலிருந்து மட்டுமே புகை எழும். அந்நாளில் அங்கே போகின்றவர், தாம் உண்மையான கிராமத்தைக் கண்டதாக எழுதுகின்றார். அவர் கண்டது கிராமமா, கிராமத்தின் வெறுமையா என்ற கேள்வி அவருக்கு எழுவதில்லை. சாத்திய கதவுகளின் அமைதியை அவர் சுவைக்கின்றார். அக்கதவுகள் ஏன் சாத்தப்பட்டன என்பது ஊர்த்தலைவரின் கவலையாகவே நின்றுவிடுகின்றது.

ஜொகூரின் கீழைக்கடற்கரையில் மெர்சிங் என்னும் ஊர் உள்ளது. ஆறு கடலொடு கூடுமிடத்தில் அமைந்த மீன்பிடி நகரம் அது. அதன் படகுத்துறையிலிருந்துதான் பகாங் மாநிலத்துக்குரிய தியோமான் தீவுக்கும், ஜொகூருக்கே உரிய ராவா, பெசார், சிபு, திங்கி, அவுர் முதலிய தீவுகளுக்கும் மக்கள் செல்வர். அத்தீவுகளைச் சூழ்ந்த கடல் 1994-ஆம் ஆண்டில் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும், தெளிந்த நீரும், தென்னை சாய்ந்த மணற்கரையும் படங்களில் காணப்படுவது போலவே இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அக்கடலின் முகம் வேறு. தென்சீனக் கடலைத் தாண்டி வரும் காற்று கரையில் மோதும். நீர் கலங்கிப் பழுப்பாகும். மழை நாட்கணக்கில் நில்லாது. மலாய்க்காரர் இக்காலத்தைத் ‘தெங்குஜு’ என்பர். பிப்ரவரி வரையிலும், சில ஆண்டுகளில் மார்ச் வரையிலும் தீவு விடுதிகளில் பல மூடிக் கிடக்கும். படகுகள் குறையும், சில நாட்களில் ஒன்றுமே புறப்படா. மீன்பிடிப் படகுகள் ஆற்றுமுகத்தில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுக் கிடக்கும்.

இக்காலத்திலும் மெர்சிங்குக்கு வருவோர் உண்டு. அலையின் சீற்றத்தைக் காணவும், ஆளில்லாக் கரையில் நடக்கவும், குறைந்த வாடகையில் அறை எடுக்கவும் வருகின்றனர். அவர்களை ஏளனம் செய்யத் தேவையில்லை. கூட்டத்தோடு கூட்டமாய் வந்து, தின்று, தீவில் குப்பையை விட்டுப் போகின்றவரைவிட அவர்கள் எவ்வளவோ மேல். ஆயினும் அவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது நன்று.

முதற்காரணம், ஊரின் மெய்த்தோற்றம் பருவம் ஒழிந்த காலத்தில்தான் தெரியும் என்பது. இவ்விடத்தில் தமிழ் மாணவர் ஒருவர் தயங்காமல் விடை கூறலாம். தொல்காப்பியர் முதற்பொருளை வகுத்தபோது நிலத்தை மட்டும் முதற்பொருள் என்னவில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்த இரண்டின் இயல்பே முதற்பொருள் என்றார். குறிஞ்சி என்றால் மலை மட்டுமன்று. கூதிரும் யாமமும் சேர்ந்ததே குறிஞ்சி. முல்லை என்றால் காடு மட்டுமன்று. காரும் மாலையும் கூடியதே முல்லை. நெய்தலுக்குச் சிறுபொழுதாக எற்பாட்டைச் சொன்ன பழந்தமிழ் மரபு, இன்ன பெரும்பொழுதுதான் அதற்குரியது என்று வரையறுக்கவில்லை. ஆறு பருவமும் அதற்கு உரியவை என்றே பின்வந்தோர் கொண்டனர். இஃது ஆழ்ந்த கருத்து. கடற்கரைக்குப் பருவமல்லாப் பருவம் என்று ஒன்று இல்லை. எல்லாக் காலமும் அதன் காலமே. ஜனவரியின் கலங்கிய நீரும் ஜூனின் தெளிந்த நீரும் ஒன்று மெய், ஒன்று பொய் அல்ல. ஒன்று வேடம், மற்றொன்று வேடம் கலைந்த முகம் என்று பிரிப்பவர், நிலத்தைப் பொழுதினின்று பிரித்துவிட்டவர். ‘பருவமல்லாப் பருவம்’ என்ற சொல்லே வந்து போவோரின் நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. பரதவனுடைய நாட்காட்டியில் அப்படியொரு பக்கம் கிடையாது. அவனுக்கு வலை பழுது பார்க்கும் காலம் உண்டு, படகுக்கு வண்ணம் பூசும் காலம் உண்டு, கடன் வாங்கும் காலமும் உண்டு.

ஓர் ஊர் படம்போல் இருக்க வேண்டும் என்ற ஆசையே மனித வரலாற்றில் மிகப் பிற்காலத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார், ஓவியமாக எழுதினால் நன்றாயிருக்கக் கூடிய அழகு எது என்பதை வரையறுக்க முயன்று, வை ஆற்றங்கரைப் பயணத்தைப் பற்றி 1782-இல் ஒரு நூல் வெளியிட்டார். டின்டர்ன் என்னும் இடத்தில் இடிந்து கிடந்த பழைய துறவியர் மடத்தை அவர் பார்த்தார். இடிபாடு அழகுதான்; ஆனால் சுவரின் முகடுகள் மிகவும் ஒழுங்காக நிற்கின்றன, சுத்தியல் கொண்டு சற்றே தட்டி உடைத்தால் காட்சி இன்னும் பொருந்தும் என்பது அவர் கருத்து! அவர் காலத்துப் பயணியர் ‘கிளாடு கண்ணாடி’ எனப்பட்ட கருநிறக் குவி ஆடி ஒன்றைக் கையில் கொண்டு செல்வர். கிளாடு லொரேன் என்னும் ஓவியரின் படங்களைப் போல நிலக்காட்சி அதில் தோன்றும். அதைப் பார்ப்பதற்கு ஒருவர் காட்சிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மலைக்குப் புறங்கொடுத்து மலையைக் கண்டு மகிழ்ந்த அம்மனிதரை நினைத்து இன்று சிரிப்பவர், தம் கைப்பேசியை நீட்டிக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்போது அந்தச் சிரிப்பை மறந்துவிடுகின்றார்.

ஜெர்மானிய அறிஞர் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், அழகைப் பற்றிய தீர்ப்பு தன்னலத் தொடர்பு ஏதுமின்றி அமைய வேண்டும் என்று வாதிட்டார். ஓர் அரண்மனையைக் காட்டி இது அழகா என்று கேட்டால், ஏழையின் வியர்வை இதில் வீணாயிற்று என்று விடை சொல்வது கேட்ட கேள்விக்கு விடை ஆகாது என்பது அவர் கொள்கை. அளவை நூல் முறையில் இது சரியே. ஆனால் அத்தகைய தொடர்பற்ற பார்வை யாருக்கு வாய்க்கும்? அரண்மனையைக் கட்டாதவருக்கும், அதற்கு வரி கொடாதவருக்கும் எளிதில் வாய்க்கும். கூலி வாங்கிக் கல் சுமந்தவருக்கு, அவர் விரும்பினாலும், சற்றுக் கடினம். தொடர்பின்மை என்பது உள்ளத்தின் உயர்நிலையாகவும் இருக்கலாம். வெறும் நல்வாய்ப்பாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒன்றென மயங்குவதில்தான் பயணியின் பெருமிதம் பிறக்கின்றது.

பருவமழைக் கடல் ஒரு மூடிய கதவு என்ற எண்ணம் பயணியருக்கு மட்டும் உரியதன்று என்பதை இடையே குறிப்பிடலாம். மலாயாவை ஆண்ட ஆங்கிலேயரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அக்டோபர் முதல் மார்ச் வரை கீழைக்கரையில் எந்தப் படையும் இறங்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. 1937-இல் படைத்தலைவர் டாபி அது தவறு என்று காட்டியும் கேட்பார் மிகுதியாக இல்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியதும், 1942 ஜனவரி 26-இல் ஜொகூரின் எண்டாவில் இறங்கியதும் அந்தக் காற்றுக் காலத்தில்தான். அந்நியர் வராத காலம் என்று கரையிலிருப்போர் எண்ணியிருந்த காலத்திலேயே அந்நியர் வந்தனர்.

இனி, ஜொகூர்த் தமிழர் நன்கறிந்த பருவத்துக்கு வரலாம். அது கடலில் இல்லை, தோட்டத்தில் உள்ளது. ரப்பர் மரம் ஆண்டுக்கொருமுறை இலை உதிர்க்கும். ஈரப் பருவக்காற்று ஓய்ந்து வறண்ட நாட்கள் வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலைகள் பழுத்துப் பொன்னிறமும் செந்நிறமும் கொள்ளும்; பின்னர் ஒருசேர உதிரும்; கிளைகள் சில வாரம் வெறுமையாய் நிற்கும்; அதன்பின் செம்பு நிறத் தளிர் விடும். நெடுஞ்சாலையில் செல்பவர் குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் அக்காட்சியைக் கண்டு வண்டியை நிறுத்துவர். நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஆண்டு முழுவதும் பசுமை மாறாத நாட்டில், ஐரோப்பாவின் இலையுதிர்காலம் வழி தவறி வந்தது போன்றதொரு தோற்றம் அது. நேர்நேரான நிரைகளும், கீழே சருகு விரிப்பும், கிளைகளின் ஊடே விழும் ஒளியும் காண்பவர் நெஞ்சைக் கவரும் என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தச் சருகுகளின்மேல் விடியற்காலை இருளில் வாளியோடும் உளியோடும் நடந்தவர்களுக்கு அப்பருவத்தின் பொருள் வேறு. மரம் தன்னிடம் உள்ள உணவைத் தளிருக்குச் செலவிடுவதால் பால் வற்றும். மங்கில் பாதியளவுகூட நிறையாது. சில தோட்டங்களில் அவ்வாரங்களில் வெட்டையே நிறுத்திவிடுவர். அளவுக்கேற்ற கூலி பெறுகின்றவருக்கு மரத்தின் ஓய்வு, அடுப்பின் ஓய்வாக முடியும். இதற்கு முந்திய மழை மாதங்களோ இன்னும் கடுமை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டை விட்டு வழிந்து மரமெங்கும் பரவி வீணாகும். மங்கில் மழைநீர் புகுந்தால் சேர்ந்த பாலும் கெடும். ஆதலால் மழை பெய்த காலையில் பிரட்டுக் களத்துக்குப் போனவர் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். நாட்கூலிக் குடும்பங்கள் டிசம்பர் மாதத்தைக் கடந்த விதம், மலேசியத் தமிழர் பலரது வீடுகளில் இன்றும் பேசப்படும் கதை. கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் அம்மாதத்துப் பக்கங்களே மிக நீண்டவை. ஆகவே வடகிழக்குக் காற்றால் தீவு விடுதிகள் மூடிய அதே நாட்களில் உள்நாட்டில் பால்வெட்டும் நின்றது. கடல் தெளிந்து விடுதிகள் திறக்கும் நாளில் மரங்கள் இலை உதிர்த்தன. ஒரு பருவத்தின் மெலிவு முடியுமுன் அடுத்த மெலிவு தொடங்கியது.

அழகு எனப்பட்டது மற்றொருவரின் மெலிவு என்றால், அதைக் கண்டு மகிழ்வது குற்றமா? இதற்கு ‘ஆம்’ என்று விரைந்து விடை சொல்பவர் இரண்டு பிழை செய்கின்றார். பொன்னிற இலைக்கும் வற்றிய பாலுக்கும் காரணம் பார்வையாளர் அல்லர். அவர் கண்ணை மூடிக்கொண்டாலும் மங்கு நிறையப் போவதில்லை. இது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. உழைப்பவருக்கு அழகு தெரியாது என்று அவர் தம்மை அறியாமலே சொல்லிவிடுகின்றார். பால் வெட்டிய பெண்டிர் அந்தத் தளிரின் செம்மையைக் காணவில்லை என்று யார் சொன்னது? தோட்டப்புறப் பாடல்களைச் சேர்த்தவர்கள் அறிவர், மரத்தோடும் நிரையோடும் மழையோடும் அம்மக்கள் எவ்வளவு பேசினர் என்பதை. அவர்கள் கண்டனர், கண்டதோடு மாதக் கடனையும் எண்ணினர். வந்தவர் ஒன்றைக் கண்டார். இருந்தவர் இரண்டைக் கண்டனர். குறைபாடு இருந்தவர் பக்கத்தில் இல்லை. அகப்பாடல்களின் நெய்தலும் இப்படித்தான். அங்கே கடற்கரையைச் சொல்லும் குரல் சுற்றிப் பார்க்க வந்தவருடையது அன்று. உப்புக் காற்றிலும் மீன் உணங்கும் மணலிலும் வாழ்கின்ற ஒருத்தியின், அல்லது அவள் தோழியின் குரல். கவலை உள்ள கண்ணே அக்கரையை அவ்வளவு நுட்பமாகக் கண்டது.

இரண்டாவது காரணம், ஆளில்லாக் காலத்தில் போவதால் ஊருக்கு வருவாய் கிடைக்கின்றது என்பது. இதில் உண்மை உண்டு. மழை மாதத்தில் மெர்சிங்கில் ஓர் உணவுக்கடையில் உண்பவரும், மீன் கிரோப்போக் இரண்டு பொட்டலம் வாங்குபவரும் செய்வது சிறு உதவியே எனினும் உதவிதான். ஆனால் உதவியையும் அழகையும் ஒரே விலையில் வாங்க முயலும்போது சிக்கல் எழுகின்றது. வாடகை குறைவு என்பதற்காகப் போனவர், குறைந்த வாடகையை ஊருக்குச் செய்த தொண்டாகக் கருதுதல் பொருந்தாது.

விருந்து என்ற தமிழ்ச் சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதியவராய் வந்தவருக்கு அஃது ஆகி வந்தது. பழந்தமிழில் பயணம் செய்தவர் யார்? ஆற்றுப்படை நூல்களைப் பயிற்றும் ஆசிரியர் அனைவரும் அறிந்த விடை: பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும். அவர்கள் பசியோடு சென்றனர். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் வழிவந்த பாணருக்கு உணவளிப்பர் என்ற செய்தி வருகின்றது. வழிப்போக்கருக்குப் பசி, ஊரவருக்கு மீன். இந்த உறவில் ஒளிவு மறைவு இல்லை. பயணிக்கு ஊர் தேவைப்பட்டது என்பது வெளிப்படை. இக்காலத்துப் பயணி வயிறு நிறைந்து வருகின்றார். ஊருக்குத் தாம் தேவைப்படுவதாகவும் எண்ணுகின்றார். பாணர் ஊரின் அழகைப் பாடியதற்கும் இவர் படமெடுப்பதற்கும் இடையேயுள்ள தொலைவு இதுவே. இரந்து நின்றவருக்கு ஊரைக் குறை கூறும் உரிமை இல்லை. ஆகையால் அவர் ஊரவரை நன்றாகப் பார்த்தார்.

பசியோடும் அச்சத்தோடும் வந்தோரை இந்தக் கீழைக்கரையும் கண்டதுண்டு. 1970-களின் இறுதியில் வியட்நாமிலிருந்து படகேறிய அகதிகள் தென்சீனக் கடலைத் தாண்டி மலேசியக் கரைக்கு வந்தனர். திரெங்கானுவின் பீடோங் தீவு 1978 ஆகஸ்டில் முகாமாயிற்று; மெர்சிங்குக்கு எதிரேயுள்ள தெங்ஙா தீவும் அவர்களுக்கு முகாமாக இருந்தது. அவர்களுக்குப் பருவம் பார்க்கும் நிலை இல்லை. 1978 நவம்பரில், காற்று எழுந்த காலத்திலேயே, திரெங்கானு கரையருகே அகதிப் படகொன்று கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கடலின் சீற்றத்தை அவர்களைவிட நெருங்கிப் பார்த்தவர் இல்லை. அதை அவர்கள் காட்சி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தெங்ஙா தீவில் இன்று வசதி மிக்கதொரு தங்கு விடுதி உள்ளது. அங்கே இப்பொழுது தங்குவோர் மகிழக் கூடாது என்பதன்று. ஒரே மணற்கரையை அழகிய தீவு என்றும், உயிர் பிழைத்த தீவு என்றும் இருவகை மாந்தர் நினைவில் வைத்துள்ளனர் என்பதே இங்குக் கருதத்தக்கது.

மூன்றாவது காரணம்தான் நுட்பமானது: கூட்டமில்லாக் காலத்தில் ஒருவர் இருவராகப் போவதால் ஊருக்குத் தொல்லை இல்லை என்பது. ஆனால் ஊருக்கும் ஓய்வு வேண்டாவா? தமிழ்நாட்டின் கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. மீன் இனம் பெருகுவதற்காக ஏற்பட்ட தடை அது. தாய்லாந்தின் மாயா விரிகுடா, பயணியர் திரளால் பவளம் அழிந்ததால் 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்பொழுதும் ஆண்டுதோறும் சில வாரம் மூடுகின்றனர். ஜொகூர்த் தீவுகளுக்குச் சட்டம் செய்யும் வேலையைக் காற்றே நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. நான்கு மாதம் எவரும் காணாமல் இருப்பது பவளத்துக்கு நன்று. கரைவாழ் மக்களுக்கும், ஆண்டில் சில வாரமேனும் தம் வீட்டு முற்றம் பிறர் பார்வைக்குரிய பொருளாக இல்லாதிருப்பது நன்று. கதவு சாத்தியிருக்கும் வீட்டின் அமைதியை வெளியே நின்று சுவைப்பவர், அழைக்காத விருந்தாளியினும் ஒருபடி தாழ்ந்தவர். விருந்தாளியாவது கதவைத் தட்டுவார்.

ஆயினும் ஓய்வு என்பது வேண்டியவர் விரும்பி எடுத்துக்கொள்வதாக இருத்தல் வேண்டும். விரும்பாமல் வந்த ஓய்வு எத்தகையது என்பதை ஜொகூர் பாரு மறந்திருக்காது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கடந்த சிங்கப்பூர்க் கடற்பாலம் வெறிச்சோடியது. 2022 ஏப்ரல் முதல் நாளில் தரைவழி எல்லை முழுமையாகத் திறக்கப்படும் வரை, வாரந்தோறும் வந்த அயல்நாட்டார் வரவில்லை. பொந்தியான் மாவட்டத்தில் கடல்மீது கால் ஊன்றி நிற்கும் குக்கூப் மீனவ ஊரில் விருந்தினர் வீடுகள் காலியாயின. நகரில் கடைகள் பல திறக்கவே இல்லை. அக்கரையில் வேலை செய்த தந்தையர் பிள்ளைகளின் முகத்தைத் திரையில் மட்டும் கண்டனர். அந்நாட்களில் நீரிணை என்றுமில்லாத அமைதியோடு இருந்தது. காண அழகாகவும் இருந்தது. அந்த அழகைப் புகழ்ந்து எவரும் கட்டுரை எழுதவில்லை. ஊரார் எல்லாரும் உள்ளேயே இருந்தனர். வெளியே நின்று பார்க்க ஒருவரும் இல்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாகும். வருவோரின் திரளால் ஊர் துன்புறும். வருவோர் இன்மையாலும் துன்புறும். ஆதலின் எப்பொழுது போவது நல்லது என்ற கேள்விக்கு மாதத்தின் பெயரை விடையாகச் சொல்ல இயலாது. யாராகப் போவது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. வெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கிய 2006, 2007 ஆண்டுகளின் மழையில், ஜொகூரில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். அப்பொழுது அரிசி மூட்டையோடு போனவரும் பருவமல்லாப் பருவத்தில் போனவர்தாம். அவர் ஊரின் மெய்முகத்தைக் காணப் போவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரெஞ்சுச் சிற்றூருக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் இடையே ஒரு பழைய நூலிழை உண்டு. பார்பெசியே என்னும் சிறிய பிரெஞ்சு ஊரில் பிறந்த ஆன்றி போகோனியே 1905-இல் மலாயாவுக்கு வந்து தோட்ட முதலாளி ஆனார். அவர் எழுதிய ‘மலேசி’ என்னும் புதினம் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. மலாயாவின் காடும் மழையும் தோட்டமும் பாரிஸ் நகரத்து வாசகருக்கு அதன்வழி அழகாயின. இங்கிருந்து ஒருவர் இன்று அவருடைய ஊரைக் காணப் போனால், அங்கே கோடையா குளிரா என்று கேட்டு விமானச்சீட்டு வாங்குவார். பார்ப்பவரும் பார்க்கப்படுபவரும் இடம் மாறிக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டு போதுமானதாக இருந்திருக்கின்றது.

தமிழரைப் பொறுத்தவரை அந்த மாற்றத்துக்கு ஒரு தலைமுறையே போதுமானதாயிற்று. காலப்போக்கில் ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறியது. செம்பனை இலையுதிர்ப்பதில்லை, ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. அதற்குள் பொன்னிற வாரங்களும் இல்லை, வெறுங்கிளை வாரங்களும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன; லயங்கள் இடிந்தன; மக்கள் ஸ்கூடாய், மாசாய் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறினர். இன்று எஞ்சிய தோட்டங்களில் உழைப்போரிற் பெரும்பாலோர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். மார்ச் மாதத்து விடுமுறையில் காரில் செல்லும் தமிழ்க் குடும்பம், எஞ்சிய ரப்பர் நிரைகளின் அருகே வண்டியை நிறுத்துகின்றது. பின்னிருக்கையிலிருந்து இறங்கிய பிள்ளைகள் சருகை வாரி வீசிப் படம் எடுக்கின்றனர். அவர்களுக்கு அது அழகிய காடு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய பாட்டனார் நாற்பதாண்டு குனிந்து உழைத்ததன் பயனாகவே அந்த நிரையை வெறும் காட்சியாகக் காணும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. அந்த உரிமையைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்பதற்காகவே பலர் தோட்டத்தை விட்டனர் எனலாம். அதைப் பிழை என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் அதே காரின் முன்னிருக்கையில் மூதாட்டி ஒருத்தி இருப்பாளாயின், அவள் கண் மேலே கிளைக்குச் செல்வதில்லை. மரத்தின் நடுப்பகுதிக்குச் செல்லும். பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கின்றனர், மங்கைக் கவிழ்த்து வைத்திருக்கின்றனரா, இந்த மாதத்தில் வெட்டு உண்டா, இல்லையென்றால் அந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, “தளிர் நல்லா வந்திருக்கு” என்றும் சொல்வாள்.